நிபுணர் குழு உறுப்பினர்களுக்கு யார் பணம் தருகிறார்கள், எவ்வளவு? கேட்டுத் தெரிஞ்சுக்க முடியுமா?

'இது குறித்து ஆராய நிபுணர் குழு அமைக்கப்பட்டுள்ளது.' செய்திகளில் அடிக்கடி வரும் வரி இது. புது மருந்துக்கு அனுமதி, தடுப்பூசி, உணவில் சேர்க்கும் நிறமி, பாடத்திட்டம் என எதுவானாலும் முதலில் ஒரு குழு வரும். குழுவில் யார் யார் என்ற பெயர்ப் பட்டியலும் வந்துவிடும்.

அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இல்லாத ஒரு விவரம் உண்டு: பணம். இந்த வேலைக்கு அரசு அவர்களுக்கு எவ்வளவு தருகிறது? அந்தத் துறையில் இருக்கும் கம்பெனிகளிடம் இருந்து அவர்களுக்கு ஏதாவது வருகிறதா?

இதையெல்லாம் வெளியிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா, சொல்லவில்லை என்றால் எப்படிக் கேட்டு வாங்குவது என்று பார்ப்போம்.

முதலில், எந்தப் பணத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

இரண்டு வகை இருக்கிறது. இரண்டையும் கலந்துவிட்டால் குழப்பம்தான்.

முதல் வகை, அரசு கொடுப்பது. கூட்டத்துக்கு வந்தால் அமர்வுக் கட்டணம் (பேச்சு வழக்கில் 'சிட்டிங் ஃபீஸ்'), மதிப்பூதியம், பயணப்படி, தினப்படி, தங்கும் செலவு. இது மக்கள் வரிப்பணம்.

இரண்டாவது வகை, வெளியில் இருந்து வருவது. கம்பெனிக்கு ஆலோசகராக இருப்பதற்கான கட்டணம், கருத்தரங்கில் பேசக் கிடைக்கும் பணம், ஆராய்ச்சி நிதி, பங்குகள். குழுவில் உட்கார்ந்து ஒரு கம்பெனியின் பொருளைப் பற்றி முடிவு சொல்பவர், அதே கம்பெனியிடம் பணம் பெறுபவராக இருந்தால் அது 'நலன் முரண்'. கிரிக்கெட் வாரியச் செய்திகளில் 'இரட்டை ஆதாயம்' என்று வருமே, அதே சங்கதிதான்.

முதல் வகையில் கேள்வி, செலவு நியாயமா என்பது. இரண்டாவதில் கேள்வி, முடிவு நியாயமா என்பது.

சரி, இது தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

2005 பிப்ரவரியில் அமெரிக்காவில் நடந்த ஒரு வாக்கெடுப்பைப் பார்த்தால் புரியும்.

வயாக்ஸ் என்ற மூட்டுவலி மாத்திரையால் மாரடைப்பு அபாயம் கூடுகிறது என்று தெரிந்து, மெர்க் நிறுவனம் 2004 செப்டம்பரில் அதைச் சந்தையில் இருந்து திரும்பப் பெற்றது. இந்த மாத்திரையும், ஃபைசர் நிறுவனத்தின் பெக்ஸ்ட்ரா என்ற இதே வகை மாத்திரையும் விற்பனையில் இருக்கலாமா என்று முடிவு சொல்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ-வின் ஆலோசனைக் குழு கூடியது. மொத்தம் 32 உறுப்பினர்கள்.

வயாக்ஸுக்கு ஆதரவாக 17, எதிராக 15. பெக்ஸ்ட்ராவுக்கு ஆதரவாக 17, எதிராக 13, இரண்டு பேர் வாக்களிக்கவில்லை. ஆக, இரண்டும் விற்பனைக்கு வரலாம் என்றது குழு.

வாக்கெடுப்பு முடிந்த சில நாட்களில் 'தி நியூயார்க் டைம்ஸ்' ஒரு கணக்கை வெளியிட்டது. அந்த 32 பேரில் 10 பேருக்கு, இந்த வகை மாத்திரைகளைத் தயாரிக்கும் கம்பெனிகளோடு ஆலோசகர் என்பது போன்ற தொடர்பு இருந்தது. இரண்டு மாத்திரைகளுக்கும் அந்த 10 பேரில் 9 பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. அவர்களை விட்டுவிட்டு எண்ணினால் வயாக்ஸுக்கு ஆதரவு 8, எதிர்ப்பு 14. பெக்ஸ்ட்ராவுக்கு ஆதரவு 8, எதிர்ப்பு 12. முடிவே தலைகீழ்.

அவர்கள் பணம் வாங்கியதால்தான் அப்படி வாக்களித்தார்கள் என்று இது நிரூபிக்கவில்லை. ஆனால் யாருக்கு யாரோடு தொடர்பு என்பது தெரிந்ததால்தான் இந்தக் கணக்கையே போட முடிந்தது. பிறகு எஃப்டிஏ குழுவின் வாக்கை அப்படியே ஏற்கவில்லை. ஏப்ரலில் பெக்ஸ்ட்ராவைத் திரும்பப் பெறச் சொன்னது. வயாக்ஸும் சந்தைக்குத் திரும்பவில்லை.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் உள்ள தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. இதன் 4(1)(பி) பிரிவு, யாரும் கேட்காமலே ஒவ்வொரு அரசு அலுவலகமும் வெளியிட வேண்டிய 17 அம்சங்களைப் பட்டியலிடுகிறது.

அதில் இரண்டு அம்சங்கள் நமக்கு முக்கியம்.

- 8-வது அம்சம்: ஆலோசனைக்காக அமைக்கப்பட்ட வாரியங்கள், கவுன்சில்கள், குழுக்கள் பற்றிய விவரம். அவற்றின் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாமா, கூட்டக் குறிப்புகளைப் பார்க்கலாமா என்பதையும் சொல்ல வேண்டும்.
- 10-வது அம்சம்: அலுவலகத்தின் ஒவ்வோர் அதிகாரியும் ஊழியரும் பெறும் மாத ஊதியம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிச்சுப் பாருங்க. குழு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஊழியரின் சம்பளத்தைச் சொல்ல வேண்டும். குழு உறுப்பினருக்குத் தரும் பணம்? அவர் அதிகாரியும் இல்லை, ஊழியரும் இல்லை. பேராசிரியராகவோ, டாக்டராகவோ, ஓய்வுபெற்ற அதிகாரியாகவோ வெளியில் இருந்து வந்தவர். இரண்டு அம்சங்களுக்கும் நடுவில் அவர் விழுந்துவிடுகிறார்.

அதனால் ஓர் அலுவலக உதவியாளரின் சம்பளம் துறையின் இணையதளத்தில் இருக்கும். பல கோடி ரூபாய் முடிவுக்குப் பரிந்துரை தரும் உறுப்பினருக்கு எவ்வளவு போகிறது என்பது இல்லாமல் போகலாம். வெளியிடக் கூடாது என்று சட்டம் தடுக்கவில்லை. வெளியிட்டே ஆக வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கவும் இல்லை.

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களோடு ஒப்பிட்டால் இந்த இடைவெளி இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே இயக்குநருக்கு ஒரு கூட்டத்துக்கு அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய் வரை அமர்வுக் கட்டணம் தரலாம் என்று கம்பெனி சட்ட விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. இயக்குநர்களுக்குப் போன பணத்தை ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும் என்பது செபி விதி. பங்குதாரருக்கு இருக்கும் வசதி, வரி கட்டுபவருக்கு இல்லை.

எம்.பி.க்கு மட்டும் ஏன் இவ்வளவு கறார்?

ஆலோசனைப் பதவிக்கு வரும் பணம் இந்தியாவில் பெரிய விவகாரமே ஆகியிருக்கிறது. ஆனால் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் விஷயத்தில் மட்டும்தான்.

அரசியல் சாசனத்தின் 102-வது பிரிவுப்படி, அரசில் 'ஆதாயம் தரும் பதவி' வகிப்பவர் எம்.பி.யாக இருக்க முடியாது. 1959-ம் ஆண்டுச் சட்டம் சில பதவிகளுக்கு விலக்கு தருகிறது. அரசுக்கு ஆலோசனை சொல்லத் தற்காலிகமாக அமைக்கப்படும் குழுவின் உறுப்பினர் பதவியும் அதில் உண்டு. நிபந்தனை ஒன்றே ஒன்று: கைச்செலவை ஈடுகட்டும் படியைத் தவிர வேறு ஊதியம் பெற அவருக்கு உரிமை இருக்கக் கூடாது.

2006-ல் இது வெடித்தது. உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் கவுன்சிலின் தலைவராக இருந்த ஜெயா பச்சன் மாநிலங்களவை உறுப்பினர் பதவியை இழந்தார். அந்தப் பதவிக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம், விருந்தோம்பல் செலவுக்கு 10,000 ரூபாய் என்று நிர்ணயித்திருந்தார்கள். பணத்தை நான் வாங்கவே இல்லை என்றார் அவர். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வாங்கினாரா என்பது கேள்வி இல்லை, வாங்க உரிமை இருந்ததா என்பதே கேள்வி என்று 2006 மே மாதம் தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு மார்ச்சில், தேசிய ஆலோசனைக் கவுன்சில் தலைவராக இருந்த சோனியா காந்தி அந்தப் பதவியையும் எம்.பி. பதவியையும் ராஜினாமா செய்தார். பிறகு அந்தக் கவுன்சில் உட்பட பல பதவிகளுக்கு விலக்கு தரும் திருத்த மசோதா வந்தது. அப்போது குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மீண்டும் நிறைவேற்றி அனுப்பிய பிறகே கையெழுத்திட்டார்.

மாதம் 5,000 ரூபாய் ஓர் எம்.பி.யின் சுதந்திரத்தைப் பாதிக்கலாம் என்று சட்டம் கருதுகிறது. அரசுக்கு ஆலோசனை சொல்லும் நிபுணரின் சுதந்திரம் பற்றி அதே அளவு கவலை நம் பொதுச் சட்டங்களில் இல்லை.

கம்பெனிகள் தரும் பணம் பற்றி?

இங்கே நிலைமை இன்னும் மங்கல்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் நடந்தது ஓர் உதாரணம். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 13-வது பிரிவு, அறிவியல் குழுக்களில் 'சுயாதீன அறிவியல் நிபுணர்கள்' இருக்க வேண்டும் என்கிறது. தொழில்துறையினரையும் நுகர்வோர் பிரதிநிதிகளையும் விவாதத்துக்கு அழைக்க வேண்டும். ஆனால் உறுப்பினராக உட்கார வேண்டியவர் சுயாதீன நிபுணர்.

நடைமுறையில், பெரிய உணவு, குளிர்பானக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களே அந்தக் குழுக்களில் இருந்தது தெரியவந்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. சட்டம் சொல்கிறபடி சுயாதீன நிபுணர்களைக் கொண்டே குழுக்கள் இருக்க வேண்டும் என்று 2011-ல் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த உறுப்பினர்கள் யார் என்பது பட்டியலிலேயே தெரிந்தது. எந்தக் கம்பெனி என்று பெயருக்குப் பக்கத்திலேயே இருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். பல்கலைக்கழகப் பேராசிரியர் என்று பெயர்ப் பட்டியலில் இருந்து, கம்பெனியின் ஆராய்ச்சி நிதி பின்னால் இருந்தால் பட்டியலைப் பார்த்து எதுவும் தெரியாது.

அமெரிக்காவில் எப்படிச் செய்கிறார்கள்?

மூன்று அடுக்கு இருக்கிறது.

முதலாவது, 1972-ம் ஆண்டு ஆலோசனைக் குழுச் சட்டம். கூட்டங்கள் பொதுவாகத் திறந்தே நடக்க வேண்டும், ஆவணங்கள் மக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். மத்திய அரசின் ஆலோசனைக் குழுக்கள் அனைத்துக்கும் ஒரே தரவுத்தளம் இருக்கிறது. ஒரு குழுவுக்கு அந்த ஆண்டு ஆன செலவு, அதில் அரசுக்கு வெளியில் இருந்து வந்த உறுப்பினர்களுக்குத் தந்த பணம், பயணச் செலவு எல்லாம் தனித்தனியாக அதில் இருக்கும்.

இரண்டாவது, உறுப்பினர்கள் தங்கள் வருமானத் தொடர்புகளை எழுதிக் கொடுக்கும் படிவம். கொஞ்சம் ஆச்சரியமான விஷயம், இந்தப் படிவம் அங்கேயும் ரகசியம்தான். ஆனால் நலன் முரண் இருந்தும் ஒருவரை எஃப்டிஏ குழுவில் பங்கேற்க விட்டால், அதற்கான விலக்கு ஆணையை வெளியிட வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிய மாற்றம். 2010-ல் வந்த சட்டப்படி, டாக்டர்களுக்குக் கொடுத்த பணத்தை மருந்து, மருத்துவக் கருவி கம்பெனிகளே அரசிடம் தெரிவிக்க வேண்டும். விருந்து, பயணம், பேச்சுக் கட்டணம், ஆலோசனைக் கட்டணம், ஆராய்ச்சி நிதி, பங்கு எல்லாம் கணக்கில் வரும். 'ஓபன் பேமென்ட்ஸ்' என்ற பெயரில் 2014 செப்டம்பர் 30 முதல் இது இணையத்தில் இருக்கிறது. டாக்டர் பெயரைப் போட்டால் எந்தக் கம்பெனி எவ்வளவு தந்தது என்று வந்துவிடும்.

இங்கே சாமர்த்தியம் என்னவென்றால், வாங்கியவரைக் கேட்கவில்லை, கொடுத்தவரைக் கேட்கிறார்கள். உறுப்பினர் மறந்தாலும் மறைத்தாலும் கம்பெனிக் கணக்கில் இருந்து வந்துவிடும்.

ஓட்டைகளும் உண்டு. டாக்டர் அல்லாத விஞ்ஞானிகள் இந்தத் தரவுத்தளத்தில் வருவதில்லை. இன்னொன்று, வாக்களித்த பிறகு வரும் பணம். 2018-ல் 'சயின்ஸ்' இதழ் எஃப்டிஏ குழுக்களில் வாக்களித்த 107 டாக்டர்களின் விவரங்களை இந்தத் தரவுத்தளத்தில் தேடிப் பார்த்தது. குழுக்கள் ஆதரித்த மருந்துகளின் கம்பெனிகளிடம் இருந்தோ, போட்டிக் கம்பெனிகளிடம் இருந்தோ 40 பேருக்குப் பின்னாளில் 10,000 டாலருக்கு மேல் வருமானமோ ஆராய்ச்சி நிதியோ வந்திருந்தது. வாக்களிக்கும் முன் எழுதிக் கொடுக்கும் எந்தப் படிவத்திலும் இது வராது.

இந்தியாவில் 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நெறிமுறை, டாக்டர்களுக்குக் கம்பெனிகள் பரிசு தருவதற்கும் பயணச் செலவு ஏற்பதற்கும் கட்டுப்பாடு விதிக்கிறது. ஆனால் பெயர் போட்டுத் தேடும்படியான பொதுத் தரவுத்தளம் இங்கே இல்லை.

இப்போது ஆர்டிஐ-யில் என்ன மாறியிருக்கிறது?

ஆர்டிஐ சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு தனிப்பட்ட தகவல்கள் பற்றியது. பழைய பிரிவில், பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத, தனியுரிமையில் தேவையின்றித் தலையிடும் தகவலைத்தான் மறுக்கலாம். பொதுநலன் பெரிது என்றால் அதையும் தரலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது.

2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதை மாற்றியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. இப்போது அந்தப் பிரிவில் இருப்பது, தனிப்பட்ட தகவலுக்கு விலக்கு என்ற ஒற்றை வரிதான்.

மத்திய அரசு தரும் விளக்கம்: 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது, பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிது என்றால் தகவல் தரலாம். ஆர்டிஐ ஆர்வலர்களின் கவலை: பெயரும் தொகையும் இருக்கும் எந்தத் தாளையும் 'தனிப்பட்ட தகவல்' என்று ஒரே வரியில் மறுக்க இப்போது வழி கிடைத்துவிட்டது. குழு உறுப்பினரின் கட்டணம் 4-வது பிரிவில் வெளிப்படையாக இல்லாததால், இந்த மறுப்புக்கு அது எளிதாக மாட்டிக்கொள்ளும்.

வெளியிட்டால் நிபுணர்கள் வரமாட்டார்கள் என்கிறார்களே?

இந்த வாதத்தை ஒதுக்க முடியாது. ஒரு துறையில் ஆழமாகத் தெரிந்தவர்கள் குறைவு. அவர்களில் பலர் கம்பெனிகளோடும் வேலை செய்திருப்பார்கள். பெயரையும் தொகையையும் போட்டுவிட்டால், சமூக வலைதளத்தில் 'விலை போனவர்' என்று சுலபமாக முத்திரை குத்தலாம்.

2025-ல் அமெரிக்காவில் நடந்தது இதையே காட்டுகிறது. தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் 17 உறுப்பினர்களையும் சுகாதார அமைச்சர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் ஜூன் மாதம் ஒரே நாளில் நீக்கினார். நலன் முரணை ஒரு காரணமாகச் சொன்னார். அந்தக் குழுவோ ஏற்கெனவே கூட்டங்களில் தொடர்புகளை அறிவித்து, சம்பந்தப்பட்ட வாக்கெடுப்பில் இருந்து விலகி நிற்கும் நடைமுறை உள்ள குழு.

ஆனால் இதே சம்பவத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அறிவிப்புகள் பொதுவில் இருந்ததால், அமைச்சர் சொன்ன காரணம் சரியா என்று பத்திரிகைகளால் சரிபார்க்க முடிந்தது. ஆவணமே இல்லாத இடத்தில் குற்றச்சாட்டுக்கும் ஆதாரம் இருக்காது, மறுப்புக்கும் இருக்காது. நேர்மையான உறுப்பினருக்கும் அது பாதுகாப்பு இல்லை.

நீங்களே கேட்பது எப்படி?

மத்திய அரசுத் துறை என்றாலும் தமிழ்நாடு அரசுத் துறை என்றாலும் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். இரண்டுக்கும் இணையவழிப் போர்ட்டல் உண்டு. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 'ஏன் இவரைப் போட்டீர்கள்?' என்பது போல விளக்கம் கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்க:

- குழுவை அமைத்த அரசாணையின் நகல், உறுப்பினர் பட்டியல்.
- உறுப்பினர்களுக்கான அமர்வுக் கட்டணம், மதிப்பூதியம், படி ஆகியவற்றை நிர்ணயித்த ஆணையின் நகல்.
- கூட்டம் நடந்த தேதிகள், ஒவ்வொரு கூட்டத்தின் வருகைப் பதிவு, கூட்டக் குறிப்புகள்.
- குழுவுக்காக ஆண்டுவாரியாக ஆன மொத்தச் செலவு.
- உறுப்பினர்கள் நலன் முரண் அறிவிப்பு தர வேண்டுமா? அதற்கான படிவம், விதியின் நகல்.
- நலன் முரண் காரணமாக உறுப்பினர் யாராவது விலகி நின்ற கூட்டங்களின் குறிப்புகள்.

இரண்டாவது, மூன்றாவது கேள்விகள் சேர்ந்தால் ஒரு வசதி இருக்கிறது. கட்டண விகிதம் அரசாணையில் இருப்பது, யாருடைய தனிப்பட்ட தகவலும் இல்லை. விகிதத்தை வருகையால் பெருக்கினால் தொகை உங்க கையில் வந்துவிடும்.

ஆவணத்தில் ஒரு பகுதி மட்டும் விலக்குக்கு உரியது என்றால், அதை மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும் என்று 10-வது பிரிவு சொல்கிறது. இதை விண்ணப்பத்திலேயே குறிப்பிடலாம்.

பதிலுக்கு 30 நாள் அவகாசம். உறுப்பினர் தந்த தகவல் என்று சொல்லி அவரிடம் கருத்துக் கேட்டால் 40 நாள் வரை ஆகலாம். பதில் வரவில்லை, திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு. அதிலும் கிடைக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு. மறுப்புக் கடிதத்தில் 8(1)(ஜே) என்று இருந்தால், 8(2)-ன்படி பொதுநலனை எடை போட்டுப் பார்த்தீர்களா என்று மேல்முறையீட்டில் கேட்க மறக்காதீங்க.

என்ன செய்தால் இது சரியாகும்?

பெரிய சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. கட்டண விகிதம், கூட்டங்களின் எண்ணிக்கை, ஆண்டுச் செலவு ஆகிய மூன்றையும் உறுப்பினர் பட்டியலோடு சேர்த்துப் போட எந்தத் துறையும் ஒரு சுற்றறிக்கையில் உத்தரவிடலாம். 4-வது பிரிவு அதைத் தடுக்கவில்லை. நலன் முரண் அறிவிப்பையும் விலகி நின்ற விவரத்தையும் கூட்டக் குறிப்பில் பதிவு செய்வதும் அப்படியே. கம்பெனிகள் தந்த பணத்தைக் கம்பெனிகளே அறிவிக்கும் முறைக்குத்தான் புதிய சட்டம் வேண்டும்.

அடுத்த முறை 'நிபுணர் குழு பரிந்துரை' என்று செய்தி வந்தால், அந்தத் துறையின் இணையதளத்தில் ஆர்டிஐ பக்கத்தைத் திறந்து பாருங்க. குழுவின் பெயர் இருக்கிறதா, கூட்டக் குறிப்பு இருக்கிறதா, கட்டண ஆணை இருக்கிறதா? இல்லாத இடத்தில் 10 ரூபாய் விண்ணப்பம் இருக்கிறது.